வண்டல் பூசிய நரை

ராஜாக்கள் எழுந்ததும் ஒரு சட்டம் போட்டுவிட்டுத்தான் பல் விளக்குவார்கள் என்றிருந்த காலத்தில், ஆலங்குறிச்சி நாட்டை மழவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், கிறுக்குத்தான் கொஞ்சம் அதிகம். "தலை நரைத்தவர்கள் மட்டுமே என் சபையில் பேசலாம்" என்பது அவன் போட்ட சட்டம்.

அங்கே ஏரிக்கரை இடிந்து கிடந்தது. பெருமழை வந்தால் கீழத்தெருவே வெள்ளத்தில் போய்விடும். பெரியவர்கள் "எல்லாம் தலைவிதி" என்று உட்கார்ந்துவிட்டார்கள். குயவர் வீட்டுப் பெண் செங்கமலத்துக்குத்தான் பொறுக்கவில்லை. வீடு வீடாகப் போய் இளவட்டங்களைத் திரட்டினாள். ஏரி வண்டலை வெட்டிக் கரையில் கொட்ட ஆரம்பித்தார்கள். ஒரே பாட்டும் கும்மாளமும்தான்!

ராஜாவின் தலைமை மந்திரியான பிரதானி மகுடேசருக்கு வயிறு எரிந்தது. ஏரிக்குள்ளே அவர் வெள்ளரித் தோட்டம் அல்லவா போட்டிருந்தார்! கரை எழும்பி ஏரி நிரம்பினால் தோட்டம் தண்ணீருக்குள் போய்விடுமே! "அரசாணை இல்லாமல் ஒரு பிடி மண் எடுக்கக் கூடாது" என்று வேலையை நிறுத்திவிட்டார். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

"வாங்க, ராஜாகிட்டயே கேட்போம்" என்றாள் செங்கமலம்.

"நமக்குத் தலை நரைக்கலையே!" என்றார்கள் மற்றவர்கள்.

"நரைக்க வெச்சுட்டாப் போச்சு!" வண்டலைக் குழைத்து எல்லோர் தலையிலும் அப்பினாள். வெயிலில் காய்ந்ததும் அத்தனை தலையும் சாம்பல் பூத்துவிட்டது.

சபைக்குள் அவர்கள் நுழைந்ததும் மகுடேசர் துள்ளிக் குதித்தார். "மன்னா, மோசடி! இந்தப் பொடிசுகள் சேற்றைப் பூசிக்கொண்டு வந்திருக்கின்றன. பேசவிடாதீர்கள்!"

ராஜாவின் மீசை துடித்தது. "உண்மையா பெண்ணே?"

செங்கமலம் ஓரடி முன்னே வந்தாள். இன்று விட்டால் வீடு மிஞ்சாது. கையெடுத்துக் கும்பிட்டாள். "சேறுதான் மகாராஜா. ஆனால் ஒரு சந்தேகம். பிரதானி ஐயா தலை காக்காய்க் கறுப்பாக இருக்கிறதே, அவர் மட்டும் எப்படிப் பேசுகிறார்?"

ராஜா திரும்பிப் பார்த்தான். "அட, ஆமாம்! மகுடேசரே, வாயை மூடும்."

"ஐயோ மன்னா, எனக்கு வயது அறுபது! உள்ளே எல்லாம் நரைதான். இது வெறும் கரிசலாங்கண்ணி மை!" என்று உளறிக் கொட்டினார் பிரதானி.

"அப்படியா ஐயா? பூச்சுத் தலை பேசலாம் என்றால் நாங்களும் பேசலாம். கூடாது என்றால் நீங்களும் பேசக்கூடாது. மகாராஜாவே சொல்லட்டும்" என்றாள் செங்கமலம்.

ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பேசம்மா, பேசு!" கரை இடிந்த கதையும் வெள்ளரித் தோட்டத்துக் கதையும் சேர்ந்தே வெளியே வந்தன.

"உம்முடைய வெள்ளரிப் பிஞ்சுக்காக ஒரு தெருவையே மூழ்கடிக்கப் பார்த்தீரா?" என்று ராஜா சீறினான். "போய் உம் தோட்டத்து மண்ணை நீரே வெட்டிச் சுமந்து கொட்டும்! நரைச் சட்டமும் இன்றோடு ஒழிந்தது. பெண்ணே, இன்னும் என்ன வேண்டும்?"

"மழைக்கு முன்னே முடிக்க ஆள்தான் போதவில்லை மகாராஜா."

ராஜா மகுடத்தைக் கழற்றிவிட்டுக் கூடையைத் தூக்கினான். அப்புறம் மந்திரிகள் சும்மா நிற்க முடியுமா? முகமெல்லாம் மை வழிய மகுடேசரும் சுமந்தார்.

ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி தளும்பியது, கரை அசையவில்லை. கீழத்தெருப் பிள்ளைகள் மழையில் குதித்துக் குதித்து ஆடினார்கள். "நனையாதே, உள்ளே வா" என்று அதட்ட ஒரு பெரியவரும் வீட்டில் இல்லை. அவர்களும் வெளியேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.