மரகதம்மாள் கேட்ட தொப்பி

"அம்மா, இந்த வருஷமாவது என்னைப் பேச விடுங்க."

ஏகாம்பரம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் நாலு தாள் மடித்து வைத்திருந்தார். பதினோரு நாள் உட்கார்ந்து எழுதியது.

"என்ன பேசப் போறீங்க, முதலாளி?" என்று கேட்டார் மரகதம்மாள்.

"நன்றி சொல்லணும்மா."

"சளி பிடிச்சுக் காது அடைச்சுக் கிடக்கு. இப்பச் சொன்னா பாதிதான் கேக்கும். அப்புறம் பாத்துக்கலாம்."

போன வருஷம் பட்டாணி உரிக்கிற வேலை. அதற்கு முந்தின வருஷம் ஆட்டுக்குப் பிரசவம். ஏகாம்பரம் நன்றி சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு ஏதாவது வந்துவிடும்.

ஏகாம்பரத்துக்குக் காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை. வயது அறுபத்தொன்று. மரகதம்மாளுக்கு நாற்பத்து நாலுதான். ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். இப்போது குன்னூருக்கு மேலே ஒரு சரிவில், தகரக்கூரை வீட்டில், காரட் போட்டுக்கொண்டு இருக்கிறார். யாராவது வந்து மனக்குறையைச் சொல்வார்கள். அவர் ஏதாவது சொல்வார், அல்லது சொல்லமாட்டார். சாமியார் என்று கூப்பிட்டால் மட்டும் கெட்ட கோபம் வரும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏகாம்பரம் இங்கே முதல்முறை வந்தார். ஒரே மகள் குமுதினி தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் வீட்டுப் படியை ஆறு வருஷம் மிதிக்காமல் இருந்தார் மனுஷன். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மனசுக்கு அமைதி வேண்டும் என்று கேட்டார்.

"பொண்ணு எந்த ஊர்ல இருக்கு?"

"அரக்கோணம்."

"காஞ்சிபுரத்துலேர்ந்து பஸ் இருக்கா?"

"இருக்கும்மா."

"பின்னே இங்க எதுக்கு வந்தீங்க?"

அவ்வளவுதான் உபதேசம். அவர் போனார். கதவைத் தட்டினார். திறந்தாள். இன்றைக்கு ஒரு பேரன் இருக்கிறான், தாத்தா மீசையைப் பிடித்துத் தொங்குகிறான். இதற்கு நன்றி சொல்லாமல் ஒரு மனுஷன் எப்படிச் சாவான், சொல்லுங்கள்!

பட்டுப்புடவை கொண்டுவந்து பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் அது ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

"நீங்க எதையும் வாங்கிக்கவும் மாட்டேங்கறீங்க, கேக்கவும் மாட்டேங்கறீங்க. நான் என்னதாம்மா செய்யறது?"

மரகதம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. ஒரு தொப்பி வாங்கிட்டு வாங்க."

"தொப்பியா?"

"ஃபெடோரா. ஃபெல்ட் தொப்பி. மேலே பள்ளம் விழுந்து, முன்னாடி ரெண்டு விரலால கிள்ளினாப்ல இருக்குமே, அது."

பன்னிரண்டு வருஷமாக மரகதம்மாள் அப்படி ஒன்று போட்டுக்கொண்டுதான் விடிகாலைப் பனியில் நடப்பார். போன குளிரில், நனைந்துகொண்டு வந்த ஒரு தேயிலை பறிக்கிற அம்மாளின் தலையில் அதை வைத்து அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பிடித்த சளி.

"லண்டன்லேர்ந்தே தருவிச்சிடறேம்மா!"

"நாலாயிரம் ரூபாய். அதுக்கு மேலே ஒரு ரூபாய் போச்சோ, வாசலோட திருப்பிடுவேன். ஆனா நல்லதா இருக்கணும்."

ஏகாம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பது வருஷத்தில் அம்மா வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். இதில் தப்பு நடக்கலாமா?

குன்னூர்க் கடைத்தெருவில் ஷம்சுதீன் என்று ஒரு பாய், முப்பது வயதுப் பிள்ளை, தொப்பிக் கடை வைத்திருந்தார்.

"வாங்கய்யா. மழைக்கா, வெயிலுக்கா?"

"தம்பி, நான் நாப்பது வருஷமா பட்டு விக்கிறவன். சரக்குப் பாக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

பாய் ஒதுங்கி நின்றார்.

ஏகாம்பரம் ஒவ்வொரு தொப்பியாக எடுத்து, புடவையின் உள்பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் கண் நின்றது. உள்ளே சிவப்பு சாட்டின் பளபளத்தது. அதில் தங்க எழுத்து. வெளியே அகலமான நாடா.

நாடாவின் ஓரத்தில் ஓர் இழையை உருவினார். தீப்பெட்டி கேட்டார். இழையைக் கொளுத்தி மோந்து பார்த்தார். முடி கருகின வாசனை. சாம்பலை விரலில் வைத்து நசுக்கினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"அசல் பட்டு!" என்று கத்தியே விட்டார்.

"ஐயா, அது நாடாங்க. நீங்க பாக்க வேண்டியது..."

"கட்டுப்பா, கட்டு!"

ஆயிரத்து ஐநூறுதான். இத்தனை மலிவாகத் தட்டிக்கொண்டு வந்துவிட்டோமே என்று அவருக்கு ஒரே பெருமை.

மரகதம்மாள் தொப்பியைக் கையில் வாங்கினார். உள்ளே பார்த்தார். வெளியே பார்த்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய் வேலிக் கம்பத்தின் உச்சியில் தொப்பியை மாட்டிவிட்டு வந்தார்.

"அம்மா! மழை!"

"தொப்பிக்குத்தானே? நீங்க வாங்க, சாப்பிடலாம்."

ஏகாம்பரத்துக்கு எங்கே சோறு இறங்கும்! கை தட்டில், கண் வேலியில்.

கை கழுவிவிட்டுப் போய் எடுத்து வந்தார் மரகதம்மாள். விளிம்பு சுற்றிலும் ரசத்தில் விழுந்த அப்பளமாகத் தொங்கியது. பள்ளம் இருந்த இடத்தில் மேடு. நாடா மட்டும் மினுமினு என்று இருந்தது.

"நாடா பிரமாதம், முதலாளி."

ஏகாம்பரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவருக்கு.

"மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டாயிரத்து ஐநூறும்மா."

"கடை இன்னும் மூடியிருக்க மாட்டாங்க."

அதே கடை. ஏகாம்பரம் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிக் கொடு."

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பட்டு சௌக்கியமா இருக்குங்களா?"

"மானத்தை வாங்காதே தம்பி."

"சரி, கண்ணை மூடுங்கய்யா. கையை நீட்டுங்க."

முதலில் ஒன்றை வைத்தார். "எப்படி இருக்கு?"

"விறைப்பா. கஞ்சி போட்ட வேட்டி மாதிரி."

"அந்த வேட்டி நனைஞ்சா?"

"தொளதொளன்னு போயிடும்." சொல்லிவிட்டு ஏகாம்பரம் கண்ணை மூடியபடியே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இரண்டாவது ஒன்று. விரல்களை ஓட்டினார். "இங்க தடிமன். இந்தப் பக்கம் மெல்லிசா இருக்கு."

"பாத்தீங்களா? கண்ணுக்கு இது தெரியவே தெரியாது."

மூன்றாவதைத் தொட்டதும் ஏகாம்பரத்தின் முகம் மாறியது. கன்றுக்குட்டியின் காதைத் தொட்ட மாதிரி இருந்தது.

"கசக்குங்க."

"ஐயையோ!"

"சும்மா கசக்குங்கய்யா."

சுருட்டிப் பிடித்தார். விட்டார். தொப்பி தானாகவே மெல்ல விரிந்து, பழையபடி உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தார். உள்ளே துணியே இல்லை, வெறும் ஃபெல்ட். நெற்றி படுகிற இடத்தில் ஒரு தோல் பட்டி, ஒட்டாமல் சுற்றிலும் தைத்தது. நாடா சாதாரண நாடா.

"முயல் ரோமம்ங்க. மழை உள்ளே இறங்காது."

"முயலா? அம்மா ஏதாவது சொல்வாங்களே..."

"பட்டு எதுலேர்ந்துங்கய்யா வருது?"

ஏகாம்பரம் உடனே விலையைக் கேட்டார்.

"புதுசுன்னா ஏழாயிரம் சொல்வேன்," என்றார் பாய். "இது ரெண்டு வருஷம் கண்ணாடி ஓரமா இருந்தது. இடப்பக்கம் வெயில்ல வெளுத்திருக்கு, நல்லாப் பாத்துக்குங்க. ரெண்டாயிரத்து ஐநூறு கொடுங்க."

"வெளுத்தது தெரியுதே தம்பி."

"மழைக்குத் தெரியாதுங்க."

ஏகாம்பரம் பணத்தை எடுத்தார். பாய் அளவு நாடாவை எடுத்தார்.

"தலை அளவு என்னங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன தம்பி இப்படிக் கேக்கறே? எங்கம்மா தலையை நான் தொட்டு அளக்கறதா?"

"உத்தேசமாச் சொல்லுங்க. உங்க தலையைவிடச் சின்னதா இருக்குமா?"

"சின்னதா!" ஏகாம்பரத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "அவங்க யாரு, நான் யாரு? என் குருவோட தலை என் தலையைவிடச் சின்னதா?"

"ஐயா, நான் தலையைக் கேக்கறேன்..."

"நானும் தலையைத்தான் சொல்றேன்! பெரிசுதான் இருக்கும்."

பாய் தொப்பியை ஏகாம்பரத்தின் தலையில் வைத்துப் பார்த்தார். "இது உங்களுக்கே லூஸா இருக்குங்க."

"அப்பச் சரியா இருக்கும். கட்டு."

பாய் தொப்பியைத் துணிப்பையில் போட்டார். பிறகு சொன்னார், "சின்னதா இருந்தாத்தான் வழியில்லை. பெரிசா இருந்தா வழி இருக்கு. கொண்டு போங்க."

மறுபடி அதே கம்பம், அதே தூறல். ஏகாம்பரம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். துளிகள் தொப்பியின் மேல் உருண்டு உருண்டு கீழே விழுந்தன. விளிம்பு அசையவே இல்லை.

மரகதம்மாள் தொப்பியை எடுத்து உதறினார். கசக்கிப் பார்த்தார். அது விரிந்துகொண்டது. வெளுத்த பக்கத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

"அடடே. அசத்திட்டீங்க."

ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மரகதம்மாள் தொப்பியைத் தலையில் வைத்தார். நெற்றி போயிற்று. கண் போயிற்று. மூக்கு நுனியில் போய்த்தான் தொப்பி நின்றது.



"முதலாளி, இருக்கீங்களா?" என்றது தொப்பிக்கு உள்ளிருந்து குரல்.

ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி நான்! இதையும் கெடுத்துட்டேனே!"

"அளக்கலையா?"

"எப்படிம்மா அளப்பேன்? உங்க தலை... பெரிசா இருக்கும்னு நினைச்சுட்டேன்."

மரகதம்மாள் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகிக் கண்ணில் தண்ணீர் வந்தபிறகுதான் நின்றது. தொப்பியைக் கழற்றித் திருப்பினார். தோல் பட்டியை விரலால் நெம்பினார். அதற்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவில் இடம் இருந்தது.

"இதுக்குள்ள பேப்பர் மடிச்சு வச்சா சரியாயிடும். ஏதாவது பேப்பர் இருக்கா?"

அந்த வீட்டில் செய்தித்தாள் வாங்குவதில்லை. ஏகாம்பரம் சுற்றுமுற்றும் பார்த்தார். அவரை அறியாமல் கை சட்டைப் பைக்குப் போயிற்று. போன வேகத்தில் திரும்பியது.

"அது என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"பேப்பர் மாதிரி இருக்கே."

"அது... நன்றிம்மா. எழுதி வச்சிருக்கேன்."

"எத்தனை தாள்?"

"நாலு."

மரகதம்மாள் கையை நீட்டினார்.

ஏகாம்பரம் எடுத்துக் கொடுத்தார். குமுதினி இருந்தாள் அதில். அரக்கோணத்துக் கதவு இருந்தது, பேரனின் மீசைப்பிடி இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அம்மா படிக்கப்போகிறார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மரகதம்மாள் பிரிக்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கனம் பார்த்தார்.

"நாலு போதும்."

நீளவாட்டில் மடித்தார். பட்டிக்குப் பின்னால் சுற்றிலும் பதவிசாகச் செருகினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாகத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தது.

மூலையில் இருந்த கைத்தடியை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கி நடந்தார். ஏகாம்பரம் நின்ற இடத்திலேயே நின்றார்.

வேலிப் படலைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"முதலாளி."

"அம்மா?"

"நாலு தாளும் கதகதன்னு இருக்கு. போன வருஷமே கொடுத்திருந்தா இந்தச் சளி பிடிச்சிருக்குமா?"