பின்வாங்கிய மணப்பெண்ணை முன்னே நடக்கவைத்த கதை

அநியாயம் நடந்தது பகவதி அக்காவுக்கு. அவளுடைய கல்யாண வீடியோவில் அவள் மணமேடையை நோக்கி ஓரடி முன்னே வைத்தாள், அரையடி பின்னே போனாள். மறுபடி ஓரடி, மறுபடி அரையடி. போதாததற்கு, உருவத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து கிடந்தது. தூத்துக்குடியில் அவள் மாமியார் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு நம்ம வீட்டுக்கு வர இஷ்டமே இல்லையே" என்றார். ஆடி மாதத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பினார்: "ஆடி முடிஞ்சு அழைக்க வருவேன். உங்க வீட்ல வச்சு அதை இன்னொரு தடவை பார்ப்பேன். அப்பவும் பின்னாலயே போனாள்னா, அங்கேயே இருந்துக்கட்டும்."

அக்கா நேராகத்தான் நடந்தாள். நான் அவள் பக்கத்தில் நடந்தவள், எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். அந்த வீடியோவில் நானும்தான் பின்வாங்குகிறேன். நாதஸ்வரக்காரர் பின்வாங்குகிறார். மாப்பிள்ளையே பின்வாங்குகிறார். அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. பெண் பின்வாங்கினால் மட்டும் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது.

குற்றவாளிகள் மூன்று பேர். அக்காவின் அப்பா, அதாவது என் பெரியப்பா ஐயம்பெருமாள். அவருடைய தம்பிகள் தங்கப்பழம் சித்தப்பா, செல்லையா சித்தப்பா. இவர்களோடு பிறந்த என் அப்பா சின்ன வயதிலேயே வெளியூர் வேலைக்குப் போய்த் தப்பித்துக்கொண்டார். மற்ற மூவரும் குறுங்காவூரிலேயே இருந்து, செல்லையா சித்தப்பா ஒருமுறை துபாய் போய்வந்தபோது கொண்டுவந்த கேம்கார்டரில் கல்யாணத்தை எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அதை டிஸ்க்காகவும் மாற்றியிருந்தார்கள்.

நான் பல்கலைக்கழக விடுதியிலிருந்து போன் செய்து செல்லையா சித்தப்பாவுக்கு விளக்கினேன்.

"சித்தப்பா, கேம்கார்டர் ஒரு படத்தை முழுசா எடுக்காது. கோடு கோடாப் பிரிச்சு, இரட்டைப்படைக் கோடு ஒரு பாதி, ஒற்றைப்படைக் கோடு ஒரு பாதின்னு எடுக்கும். நம்ம கேமராவுல இரட்டைப்படைதான் முதல்ல. நீங்க ஒற்றைப்படையை முதல்ல விட்டிருக்கீங்க. அதான் கால் முன்ன போய்ப் பின்ன வருது. மாத்தி விடுங்க."

"சரிம்மா."

"ஒரு டிஸ்க்குல ஒரு மணி நேரத்துக்கு மேல திணிக்காதீங்க, முகம் மங்கிடும். தேவையில்லாததை வெட்டிடுங்க. அப்புறம், கம்ப்யூட்டர் மாத்திக்கிட்டு இருக்கும்போது வேற எந்த வேலையும் நடக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரியாட்டா சரின்னு சொல்லுவேனா?"

சொல்லுவார். ஆனாலும் நம்பினேன். இனி நடந்ததையெல்லாம் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் வெட்டும் வேலை. தேவையில்லாதது எது என்று மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"பந்தியில கை வைக்கக் கூடாது" என்றார் பெரியப்பா. "சாப்பிட்டவன் மூஞ்சியை வெட்டுனா ஊருக்குள்ள நடமாட முடியாது."

"தாலி கட்டுறதை வெட்டலாம் அண்ணே" என்றார் தங்கப்பழம் சித்தப்பா.

"ஏம்லே?"

"அதான் கட்டியாச்சே. கட்டினது புள்ள கழுத்துல கிடக்கு. வீடியோல வேற எதுக்கு?"

தாலி கட்டுவது போனது. பந்தி முழுசாக நின்றது.

அடுத்தது கோடு விவகாரம். செல்லையா சித்தப்பா நான் சொன்னதைச் சொல்லி முடித்ததும் பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது.

"அப்ப இரட்டைப்படைக்கு முதல் மரியாதைங்கா?"

"ஆமாண்ணே."

"ஒற்றைப்படை சும்மா இருக்குமா?"

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. குறுங்காவூர் அம்மன் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை கீழத்தெருவுக்கா மேலத்தெருவுக்கா என்று தகராறு வந்து, கொடையே பல வருஷம் நின்றுபோனது. கடைசியில் ஒரு வருஷம் இவர்களுக்கு, மறுவருஷம் அவர்களுக்கு என்று பேசி முடித்துவைத்தவர் பெரியப்பாதான். அவர் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்பதால், எதைக் கண்டாலும் அதையே செய்வார்.

"ஒரு நிமிஷம் இரட்டைக்குக் கொடு, ஒரு நிமிஷம் ஒற்றைக்குக் கொடு" என்று தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் மனத்தாங்கல் இருக்காது."

செல்லையா சித்தப்பா கல்யாணத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, முறைவைத்து மாற்றக் கொடுத்தார். கம்ப்யூட்டர் வேலையை ஆரம்பித்ததும் வீட்டில் எல்லா வேலையும் நின்றது. மோட்டாரை நிறுத்தினார்கள். பெரியம்மாவின் அடுப்பை அணைத்தார்கள். மாடு கறக்கப்படாமல் கத்தியது. தங்கப்பழம் சித்தப்பா அதன் காதோரம் போய், "கொஞ்சம் பொறு, வீடியோ மாறிக்கிட்டு இருக்கு" என்றார்.

"எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னீயளே, நீங்க என்னத்த நிறுத்துனீய?" என்று பெரியம்மா கேட்டாள். மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். நிறுத்துவதற்கு ஒரு வேலையும் அகப்படவில்லை.

டிஸ்க் தயாரானதும் போட்டுப் பார்த்தார்கள். முதல் நிமிஷம் அக்கா மகாராணி மாதிரி நடந்தாள். படம் தண்ணீராக ஓடியது, மூக்குத்திக் கல் தனியாகத் தெரிந்தது. அடுத்த நிமிஷம் அதே அக்கா பழையபடி பின்வாங்கினாள். அதற்கடுத்த நிமிஷம் மனம் மாறி மறுபடி நடந்தாள். முன்பாவது அவளுக்கு இஷ்டமில்லாத மாதிரி இருந்தது. இப்போது தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவள் மாதிரி இருந்தது.

"அப்பா, இரட்டைப்படை முதல்ல வரும்போது நல்லாத்தானே இருக்கு? முழுக்க அப்படியே போட்டா என்ன?" என்றாள் அக்கா.

"ஏட்டி, ஒருத்தன் கொஞ்சம் தப்பா நடந்துட்டான்னு அவன் மரியாதையைப் பறிச்சிர முடியுமா?"

"அப்ப என் மரியாதை?"

"அதுக்குத்தான யோசிக்கோம்" என்றார் பெரியப்பா.

யோசித்தார்கள். ஆடி முடிந்தது. மாமியார் வருகிற நாளும் விடிந்துவிட்டது. அப்போதுதான் செல்லையா சித்தப்பாவுக்கு அது உதித்தது.

"அண்ணே, முன்னால நடந்தா பின்னால போற மாதிரி காட்டுது."

"ஆமா."

"அப்ப பின்னால நடந்தா?"

தங்கப்பழம் சித்தப்பா தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "துபாய்க்குப் போனவன் போனவன்தான்" என்றார்.

உடனே அக்காவுக்கு முகூர்த்தச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் மாலையைப் போட்டார்கள். வாசல் கேட் பக்கம் இருப்பதுதான் மணமேடை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கேட்டை ஒட்டி செல்லையா சித்தப்பா கேமராவோடு நின்றார். அவரைப் பார்த்தபடியே, தலையைக் குனிந்து, அடிமேல் அடி வைத்து வீட்டுக்குள் பின்னோக்கிப் போக வேண்டியது அக்காவின் வேலை.

"விழுந்துருவேன் சித்தப்பா."

"விழுந்தா டிஸ்க்குல எந்திரிப்ப. நட."

"இப்படி நடந்தா என்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னா, நடக்கேன்" என்றாள் அக்கா. பெரியம்மா இதைச் சொல்லும்போது அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நானும் ஊருக்குப் புறப்பட்டிருந்தேன். இரட்டைப்படை, ஒற்றைப்படை, மாப்பிள்ளையும் பின்வாங்கியது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, மாமியாரிடம் எப்படி வாதாடுவது என்று பேருந்து முழுக்க மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். நான் தெருவுக்குள் நுழையும்போது தூத்துக்குடி வேனும் நுழைந்தது. மாமியார் பூவும் பழமும் வைத்த தட்டோடு இறங்கினார். இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டைத் திறந்தோம். செல்லையா சித்தப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவருக்கு அந்தப் பக்கம், கல்யாணக் கோலத்தில், எங்களை நோக்கியே நின்றபடி, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தாள் பகவதி அக்கா.

மாமியார் தட்டைக் கீழே வைத்தார்.

"வீடியோல ஏதோ கோளாறுன்னு போன்ல சொன்னீங்க" என்றார். "இப்ப நேர்லயே என்னைப் பார்த்துட்டுப் பின்னால போறா. இதுக்கு என்ன சொல்றீங்க சம்பந்தி?"

நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"கண்ணால பாக்கிறதை நம்பாதீய சம்பந்தியம்மா. டிஸ்க்குல போட்டுப் பாருங்க, புள்ள உங்க வீட்டைப் பார்த்து ஓடி வந்துக்கிட்டு இருக்கா."