காகம் இறங்காத கருமாதி

இந்தக் கதையின் முடிச்சு ஒரு கிழவரின் மூடிய கைக்குள் இருக்கிறது. அதை அவிழ்க்க வேண்டியதெல்லாம் கதையிலேயே கிடக்கிறது. அவசரப்படாமல் வாருங்கள்.

குற்றாலிங்கம் எண்பதை நெருங்கியவர். யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, கூட இருந்து வாழ்ந்தவர்களை அல்லவா கேட்க வேண்டும்! மகள் உலகம்மாள் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குக் கிளம்பியபோது எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மனைவி ஆவுடையம்மாளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏளா" என்பார். அதையும் அளந்துதான் சொல்வார்.

அந்த ஆவுடையம்மாள் இறந்துபோனாள்.

இறந்தவருக்குப் படைத்த சோற்றைக் காகம் எடுத்தால் அவர் மனம் ஆறிவிட்டது என்று பொருள். எடுக்காவிட்டால் ஏதோ குறை இருக்கிறது. அது இன்னதென்று யோசித்து, தீர்த்துவைப்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது.

கருமாதி அன்று கொல்லைச் சுவரின் மேல் இலை போட்டு, அவளுக்குப் பிடித்த அவியலும் பாயசமும் வைத்தார்கள். கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வேப்பமரம் கறுத்துப்போகும் அளவுக்குக் காகங்கள் வந்து உட்கார்ந்தன. ஆனால் ஒன்றுகூடக் கரையவில்லை. நட்டநடு மத்தியானத்தில் அத்தனை காகங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை.

ஆவுடையம்மாளின் தம்பி பிரமநாயகம்தான் முதலில் வாயைத் திறந்தார். "அக்காவுக்கு என்னமோ குறை இருக்கு. பிள்ளைகளா, யோசிச்சுச் சொல்லுங்க."

மகன் வேலாயுதம் கைகூப்பினான். "அம்மா, அப்பாவைத் தனியா விடமாட்டேன். எங்கூடயே கூட்டிட்டுப் போயிருதேன்."

ஒரு காகமும் அசையவில்லை.

அண்ணனோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத உலகம்மாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "அம்மா, அண்ணன்கூட நான் பேசிட்டேன். இனிமே சண்டை போடமாட்டேன். வந்து சாப்பிடும்மா."

அதற்கும் அசையவில்லை.

இந்த இடத்தில் ஆவுடையம்மாளின் இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். கொல்லைக் கிணற்றடியில் துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. நல்ல பெரிய கருங்கல். அவள் அதில் ஒரு துணியைக்கூடத் துவைத்ததில்லை. அழுக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவாள். வீட்டில் கல்லை வைத்துக்கொண்டு இது என்ன கிறுக்கு என்று பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். இன்னொன்று, தினமும் தான் சாப்பிட உட்காருமுன் ஒரு பிடி சோற்றில் பால் விட்டு, குழையப் பிசைந்து, அந்தக் கல்லடியில் வைத்துவிட்டு வருவாள். அதில் உப்பு இருக்காது, காரம் இருக்காது. காக்கைக்கு வைக்கிறாள் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் அதை வைக்காமல் அவள் வாயில் ஒரு பருக்கை போனதில்லை. அவள் கல்லடிக்குப் போகும்போதெல்லாம் குற்றாலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"மாமா, அதுக இலையவே பாக்கலியே!" என்றாள் உலகம்மாள் திடீரென்று.

உண்மைதான். மரத்திலிருந்த அத்தனை காகங்களும் இலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாற்காலியில் இருந்த குற்றாலிங்கம் எழுந்தார். கல்லருகே போய் நின்றார்.

"ஆவுடை," என்றார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததைப் பிள்ளைகள் முதல்முறையாகக் கேட்டார்கள். "அவன் இங்கதான் கெடக்கான். நாய் தோண்டிரக் கூடாதுன்னு நாந்தான் இந்தக் கல்லை இழுத்துப் போட்டேன். நீ கேட்டப்ப நான் சொல்லல."

வேலாயுதத்துக்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை. பெயர் சொரிமுத்து. சோறு தின்னத் தொடங்கி, நடை பழகிய வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அதே காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த தாய் கண் விழித்தபோது பிள்ளை இல்லை, கிணற்றடியில் புதிதாக ஒரு கல் இருந்தது. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். "அந்தப் பேச்சு இனி இந்த வீட்டுல வேண்டாம்" என்றார். அவளும் அதன்பிறகு கேட்கவில்லை.

இவ்வளவையும் அவர் சொல்லி முடித்தார். இனி வந்துவிடும் என்று பிரமநாயகம் கைகூப்பி நின்றார். காகங்கள் வரவில்லை.

இத்தனை காலம் பூட்டிவைத்ததைத் திறந்துகாட்டியும் அவள் இரங்கவில்லையே என்று கிழவர் உடைந்துபோய்த் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் கல்லடியைப் பார்த்தார். எறும்புகள் சாரிசாரியாக வந்து, ஒன்றும் கிடைக்காமல் அதே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.

சட்டென்று எழுந்து, தன் வாழ்நாளில் நுழைந்திராத அடுப்படிக்குள் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவருடைய வலது கை மூடியிருந்தது.

இப்போது சொல்லுங்கள். மகன் வாக்குக் கொடுத்தான், மகள் கோபத்தை விட்டாள், கணவர் உண்மையைச் சொன்னார். மூன்றுக்கும் ஆவுடையம்மாள் ஏன் இறங்கி வரவில்லை? குற்றாலிங்கத்தின் கைக்குள் இருந்தது என்ன?

விடை: அவள் யாருடைய வாக்குக்கும் காத்திருக்கவில்லை. கணவர் சொன்ன உண்மையும் அவளுக்குப் புதிதல்ல. பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரிந்ததால்தான் அந்தக் கல்லில் துணியை ஓங்கி அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. அவனுக்கு வைக்காமல் ஒருநாளும் சாப்பிடாதவள் செத்த பிறகு மட்டும் சாப்பிட்டுவிடுவாளா? அவள் போனதிலிருந்து பிள்ளை பட்டினி கிடந்தான். கிழவரின் கையில் இருந்தது பால்சோறு. அதைக் கல்லடியில் வைத்து, "ஏ சொரிமுத்து, சாப்புட வாய்யா" என்றார். கூப்பிட்டுப் பழகாத குரல் பாதியில் உடைந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் காகம் வந்தது. அது பறந்து வரவில்லை. விழுந்து எழுந்து, தத்தித் தத்தி நடந்து வந்தது. அது தின்று முடிக்கும்வரை மரத்தில் ஓர் இறகும் அசையவில்லை. பிறகுதான் பெரிய காகம் ஒன்று இறங்கி இலைக்குப் போனது. மகன் எவ்வளவோ கூப்பிட்டும் குற்றாலிங்கம் அவனோடு போகவில்லை. மத்தியானம் பிள்ளைக்குச் சோறு வைக்க வீட்டில் ஆள் வேண்டுமே.