உப்பு அம்பாரத்தில் முளைத்த செடி

கதை முடிகிற இடத்தில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஆகவே இதில் வரும் மூவரையும் முதலிலிருந்தே கவனித்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் ஆடிட்டர் திரவியத்தின் அலுவலகத்தில் ரோஸ்வின், மீரான், குமரகுரு என்று மூன்று பேர் பயிற்சியில் இருந்தார்கள். மூவருக்கும் பயிற்சி முடியும் தறுவாய். ஆனால் அங்கே நிலையான வேலைக்கு ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அந்த ஓர் இடம் ரோஸ்வினைப் பாடாய்ப் படுத்தியது. சென்ற மாதம் ஒரு கடையின் கணக்கில் ஏதோ தில்லுமுல்லு என்று அவள் சொல்லப்போக, அது வெறும் தட்டச்சுப் பிழையாகப் போய்விட்டது. எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து எதைச் சொல்லவும் பயம்.

நிதியாண்டின் கடைசி நாள் காலையில் ஆடிட்டர் மூவரையும் கூப்பிட்டார். ஊருக்கு வெளியே ஓர் உப்புக் கம்பெனி. தன்னிடம் இருக்கும் உப்பைக் காட்டி வங்கியில் கடன் கேட்டிருந்தது.

"இருப்பை அளந்துட்டு வாங்க. அறிக்கையில மூணு பேர் கையெழுத்தும் இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் நான் ஏத்துக்க மாட்டேன். இன்னைக்கு வேலையைப் பார்த்துத்தான் யாரை வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணப் போறேன்."

உப்பளத்தில் அம்பாரங்கள் வெயிலில் கண் கூசும்படி நின்றன. மூவரும் பிரித்துக்கொண்டு அளந்தார்கள். குமரகுருதான் வேகம். மூலையில் இருந்த பெரிய அம்பாரத்தை நீள அகலம் பிடித்து, உயரம் பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான்.

ரோஸ்வின் தற்செயலாக அந்த மூலை அம்பாரத்தின் பின்பக்கம் வந்தாள். சரிவில், இடுப்பு உயரத்தில், பச்சையாக ஒரு செடி நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஏதோ காற்றில் வந்து ஒட்டிய தழை என்று நினைத்தாள். தொட்டு இழுத்தாள். வரவில்லை. உள்ளே வேர் விட்டிருந்தது.

உப்பில் எந்தச் செடி வேர் விடும்? ஆடிட்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், சந்தேகம் மெய்யானால், வேலை அவளுக்குத்தான். பொய்யானால் இன்றோடு சரி. போனை எடுத்தவள் மறுபடி பைக்குள் போட்டுவிட்டு மீரானை அழைத்தாள்.

"இதைப் பாரேன். எனக்கு என்னமோ சரியாப் படலை."

மீரான் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தான். பிறகு நேராகக் கொட்டகைக்குப் போய் ஒரு கடப்பாரையோடு வந்தான். அதைக் கண்டு மேலாளர் சுடலைமுத்து ஓட்டமாக ஓடி வந்தார்.

"தம்பி, என்ன செய்யுதீய? அம்பாரத்தைக் கலைச்சா ஆடிட்டர்ட்ட புகார் சொல்லுவேன்."

"ஒண்ணும் இல்லன்னா புகார் சொல்லுங்க அண்ணாச்சி. நானே நின்னு வாங்கிக்கிடுதேன்."

சொல்லிக்கொண்டே மீரான் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். முதலில் நறநறவென்று இறங்கியது. அப்புறம் சத்தம் மாறி, பொதக்கென்று உள்ளே போனது. இழுத்து எடுத்தபோது அதன் நுனியில் ஈரக் களிமண். மண்மேட்டின் மேல் உப்பைப் போர்த்தி அம்பாரம் என்று காட்டியிருக்கிறார்கள். இத்தனை மாதம் பயந்து பயந்து செய்த வேலையா இது என்று ரோஸ்வினுக்கே வியப்பாக இருந்தது.

சுடலைமுத்து அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, சத்தம் கேட்டு வந்து நின்ற குமரகுருவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"தம்பி, இதை அளந்து கையெழுத்துப் போட்டது நீங்கதான? வெளிய தெரிஞ்சா மொத வெட்டு உங்களுக்குத்தான். இவங்க ரெண்டு பேரும் பேர் வாங்கிட்டுப் போயிருவாங்க. மூணு கையெழுத்து இல்லாட்டி உங்க ஆடிட்டர் அறிக்கையை ஏத்துக்க மாட்டாராமே, நீங்க போடாம இருங்க, போதும். முதலாளிகிட்ட சொல்லி நம்ம கம்பெனியிலயே வேலை வாங்கித் தாரேன்."

குமரகுருவின் முகம் வெளுத்துவிட்டது. ரோஸ்வின் அவனைப் பார்க்கமாட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் தாளை எடுத்து, தான் எழுதியதை அடித்துவிட்டு, கீழே இப்படி எழுதினான்: 'இந்த அம்பாரத்தைச் சோதிக்காமல் அளந்து எழுதியது என் தவறு. ரோஸ்வின் சந்தேகப்பட்டார், மீரான் குத்திப் பார்த்து உறுதி செய்தார். உள்ளே இருப்பது மண்.' கையெழுத்துப் போட்டு மற்ற இருவரிடமும் நீட்டினான்.

அறிக்கையைப் படித்த ஆடிட்டர் மூவரையும் வெளியே உட்காரச் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள். கண்டவள் ரோஸ்வின். நிரூபித்தவன் மீரான். எழுதியவன் குமரகுரு. அந்த ஓர் இடம் இவர்களில் யாருக்கு உரியது?

விடை: குமரகுருவுக்கு. ரோஸ்வின் துணிந்தாள், மீரானும் துணிந்தான். ஆனால் உண்மை வெளிப்பட்டால் அவர்கள் இருவருக்கும் பெருமை. குமரகுருவுக்கோ சிறுமை. கவனக்குறைவாக அளந்தான் என்பது மெய்தான், அதற்குத் திட்டும் வாங்கினான். என்றாலும் தனக்கு அந்த வேலை கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே கையெழுத்திட்டவன் அவன் ஒருவன்தான். ஆடிட்டரும் அப்படித்தான் தீர்த்தார். மற்ற இருவரையும் மதுரையில் தன் நண்பரின் அலுவலகத்துக்குச் சிபாரிசு செய்தார். ரோஸ்வினுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. அந்தத் தாளில் தப்பாக எழுதியது நானாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்க் குமரகுருவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.