சுவரிடம் சொன்ன செய்தி

சேலத்தில் பௌசியா மேடத்திடம் சி என்ற கணினி மொழி கற்றவன் மாதேஷ். கெட்டிக்காரன், அது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். குஞ்சு பொரிக்கும் மெஷின்களின் புரோகிராமில் யாரும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு லைப்ரரி, அதாவது தயார் கோடு தொகுப்பு, எழுதியிருந்தான். சூடு எல்லை தாண்டினால் நல்ல தமிழில் திரையில் எழுதிக் காட்டும். அந்தத் தமிழ்மேல் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

ஒரு காலை நாமக்கல்லிலிருந்து பண்ணைக்காரர் ராக்கியண்ணன் போன் செய்தார்.

"சூடு ஏறி முட்டையெல்லாம் அவிஞ்சு போச்சு தம்பி. உன் லைப்ரரி வாயே திறக்கலை. சாயங்காலம் கழட்டி எறிஞ்சிடுவேன்."

மாதேஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே மேடம் வீட்டுக்குப் போய்க் கொட்டினான்.

"வாயே திறக்கலையாம் மேடம்! 'வெப்பம் எல்லை மீறியது, உடனே கவனிக்கவும்'னு எழுதத்தான் செஞ்சிருக்கும். அவர் மெஷின்ல திரையே இல்லைன்னா நான் என்ன பண்ண? என் செய்தியில என்ன குத்தம்?"

"ஒரு குத்தமும் இல்லை. நேர்ல போய்ப் பேசு."

அவன் வண்டியைக் கிளப்பினான். சைடு ஸ்டாண்டை மடக்கவில்லை. மேடம் அதைப் பார்த்தார். நிதானமாகக் காம்பவுண்டு சுவர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"ஸ்டாண்டு மடக்கப்படவில்லை. உடனே கவனிக்கவும்."

கேட் திருப்பத்தில் ஸ்டாண்டு தரையில் இடித்தது. வண்டியோடு சாய்ந்தான். முட்டி சிராய்த்துவிட்டது.

"ரோட்டுல முன்பின் தெரியாதவன்கூட 'ஸ்டாண்டு, ஸ்டாண்டு'ன்னு கத்துவானே மேடம்! நீங்க சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே."

"யார்கிட்ட?"

"சுவர்கிட்ட. நல்ல தமிழ்ல."

மாதேஷுக்குப் புரிந்தது. முட்டியைவிட முகம் எரிந்தது.

"சரி, திரையை விட்டுடறேன். ஆனா ஒருத்தர்கிட்ட அலாரம் இருக்கும், ஒருத்தர்கிட்ட போன். எங்க சொல்றதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு ஏன் தெரியணும்? லைப்ரரியில அந்த இடத்தைக் காலியா விடு. எதைக் கூப்பிடணும்னு மெஷின் வச்சிருக்கிறவங்க எழுதிக்கட்டும்."

அங்கேயே உட்கார்ந்து ராக்கியண்ணனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, சூடு ஏறினா எதைக் கூப்பிடட்டும்?"

"இதை முதல்லயே கேட்டிருக்கலாமே தம்பி! வாசல்ல அலாரம் இருக்கு. அது அலறினா ஊரே ஓடி வரும்."

"சாயங்காலத்துக்குள்ள அலற வைக்கிறேன். கழட்டிடாதீங்க."

"அலறட்டும், பார்ப்போம்."

மாதேஷ் எழுந்து, முதல் வேலையாக ஸ்டாண்டை மடக்கினான். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், யாராவது அந்த இடத்துல ஒண்ணுமே எழுதாம விட்டா?"

"அப்ப பழையபடி திரையில எழுது. சுவர்கிட்டயாவது சொல்லு."