சாரல் விழுந்த தாள்

புதிர்க் கதை என்றால் ஒரு ராஜா, மூன்று இளவரசர்கள், நடுவே ஓர் இளவரசி என்று கூட்டம் சேர்த்துவிடுவார்கள். இந்தப் புதிருக்கு அவ்வளவு ஆள்படை வேண்டாம். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு பழைய கொப்பரைக் கிடங்கு போதும்.

கிடங்குக்கு ஊர்க்காரர்களே சுண்ணாம்பு அடித்துச் சித்திரக் கூடம் ஆக்கிக்கொண்டார்கள். எண்ணெய் வாடை மட்டும் இன்னும் போகவில்லை. ஆடி மாதத்தில் உள்ளூரில் படம் வரைகிறவர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து மாட்டுவார்கள். மரமோ மலையோ மைனாவோ, எதுவானாலும் சரி, கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும் என்பது கூடத்தின் சட்டம். காலண்டரைப் பார்த்து வரைந்தது வாசலைத் தாண்டாது. பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை தருவார்கள். பிடித்த படத்தின் கீழே இருக்கும் கொட்டாங்குச்சியில் அதைப் போட வேண்டும். அதிகம் கொட்டை விழுந்த படம் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதுவரை யார் படம் என்று யாரும் சொல்லக் கூடாது. பிறகு படத்துக்குக் கீழே, சுவரிலேயே, ‘கண்டவர்’ என்று போட்டு ஒரே ஒரு பெயரை எழுதுவார்கள். ‘வரைந்தவர்’ என்று எழுதும் வழக்கம் அங்கே இல்லை. மலையை நாமா செய்தோம், பார்த்ததுதானே நம் வேலை என்பது அவர்கள் கட்சி.

அந்தப் பெயரை எழுதுகிறவள் அமிர்தவல்லி. அந்தப் பக்கத்து அரிசி மில், எண்ணெய் மில் பலகைகளில் பாதி அவள் கைவண்ணம். அவள் கணவர் பொன்னுரங்கம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூடத்தில் படம் மாட்டுகிறார். ஓராண்டுகூட அவருடைய கொட்டாங்குச்சி பாதி நிறைந்ததில்லை. வேறு யார் பெயரையோ அந்தச் சுவரில் எழுதிவிட்டு அவரோடு வீடு திரும்புவது, அமிர்தவல்லிக்கு ஆண்டுதோறும் தொண்டையில் சிக்கிய முள்.

இந்த ஆண்டு ஐந்து பேர் சேர்ந்து ஆழியாற்று அணைக்கரைக்கு வரையப் போனார்கள். காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. பொன்னுரங்கம் மலையை மடிப்பு மடிப்பாகத் தீட்டிவிட்டார். பதினோரு மணிக்கு மலையிலிருந்து சாரல் இறங்கியது. நான்கு பேர் தாளைப் போட்டது போட்டபடி டீக்கடைக்கு ஓடி, அடுப்படியில் குளிர் காய்ந்தார்கள். ஐந்தாமவள் நசீமா, தையல்கடைக்காரி, அன்றுதான் முதன்முதலாக வந்தவள். ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாள்.

அரைமணி கழித்துச் சாரல் விட்டதும் வந்து பார்த்தால் நான்கு தாளும் தெப்பம். மூன்று கூழாகிப் போயிருந்தன. பொன்னுரங்கத்தின் தாளில் நீலம் வழிந்து, மடிப்பெல்லாம் கரைந்து கிடந்தது. இது அவ்வளவுதான், குப்பைக்குப் போகட்டும் என்றார் எல்லார் காதும் கேட்க. நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று நசீமா கேட்டாள். அடுப்புக்காவது ஆகும், எடுத்துக்கொள் அம்மா என்று சொல்லிவிட்டார்.

நசீமா அதைத் துணி வெட்டும் மேசையில் பரப்பிக் காயவைத்தாள். அடியில் சேறாகியிருந்த நாலு விரற்கடையைக் கத்தரித்தாள். தூரிகை எடுக்கவே இல்லை. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் நின்றது. கொட்டாங்குச்சி நிறைந்து கொட்டைகள் தரையில் சிதறின. கடைசி நாள் அமிர்தவல்லி பெயிண்டைக் குழைத்துக்கொண்டு, யார் பெயர் என்று கேட்டாள். நசீமா நடந்தது அத்தனையும் ஒளிக்காமல் சொன்னாள். அமிர்தவல்லிக்குப் பன்னிரண்டு ஆண்டு முள் இன்றைக்கு இறங்கிவிடும் போலிருந்தது.

பொன்னுரங்கம் முன்னால் வந்தார். “ஒவ்வொரு கோடும் என் கை போட்டதுங்க. தூக்கிப் போட்டேன், இல்லீங்கல. பெத்தவன் கோவத்துல போடான்னு சொன்னா, புள்ளை ஊரான் புள்ளை ஆயிருமா?”

“கோடு உங்களுதுதானுங்கண்ணா,” என்றாள் நசீமா. “ஆனா குப்பைக்குப் போறதை நான்தானுங்க படம்னு மாட்டினேன்.”

அங்கிருந்த தேங்காய் வியாபாரி ஒருவர், இரண்டு பேரும் வேண்டாம், மழை என்று எழுதுங்கள், அழகு முழுக்க அதன் வேலைதானே என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் அதுதான் நியாயம் என்றார்கள்.

பொன்னுரங்கம் படத்துக்குக் கிட்டே போய் மூக்கு உரச நின்றார். பிறகு நசீமாவிடம் மெதுவாகக் கேட்டார்: “மழையில மலை நெசமாவே இப்பிடியா இருந்துச்சு?”

“இப்பிடியேதானுங்க,” என்றாள் அவள்.

அமிர்தவல்லி தூரிகையோடு சுவர்முன் நின்றாள். ஒரு பெயருக்குத்தான் இடம். பொன்னுரங்கமா, நசீமாவா, மழையா? அவள் யார் பெயரை எழுதினால் சரி?

விடை: மழை நான்கு தாளிலும் ஒரேமாதிரிதான் விழுந்தது, மூன்றைக் கூழாக்கியது. போதாததற்கு அதற்குக் கண்ணும் கிடையாது. பொன்னுரங்கம் தீட்டியது வெயிலில் கண்ட மலை, அது தாளிலிருந்து கரைந்து போய்விட்டது. மிஞ்சியிருக்கும் மலையை அவர் பார்த்ததே இல்லை. அதனால்தான் அது எப்படி இருந்தது என்று இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த அரைமணி நேரமும் அதைக் கண்டவள் குடைக்குள் இருந்தவள் ஒருத்திதான். கூடத்துச் சுவர் கேட்பது கண்டவரை. அமிர்தவல்லி ‘நசீமா’ என்று எழுதினாள். பலகை எழுதிய முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் எழுத்து கோணியது. எழுதி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கணவரைக் கேட்டாள். அவர் படத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “இரு அமிர்தம்,” என்றார், “நான் இன்னும் பாத்து முடிக்கல.”