காலித் தோட்டாவின் முதுகு

கோயம்புத்தூர் பக்கத்துத் துப்பாக்கி கிளப் ஒன்றில் மில் முதலாளி வெள்ளியங்கிரி வைத்ததுதான் சட்டம். விசை பூவாய் இழுபட வேண்டுமென்று உள்ளே ஸ்பிரிங்கை இளக்கி, மேலே குறிபார்க்கச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி மாட்டி, தன் துப்பாக்கியைப் புது மாப்பிள்ளையாக ஜோடித்திருந்தார்.

அங்கே காலித் தோட்டாக்களைக் கூட்டி அள்ளுகிற மாராத்தாள், கிளப்பின் பழைய துப்பாக்கியில் சுட்டுப் பழகியவள். மாவட்ட அணியில் ஓரிடம் காலி என்றதும் பெயர் கொடுத்துவிட்டாள்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறு இரும்புத் தகட்டையும் எனக்கு முந்திச் சாய்ச்சிரு. இடம் உனக்குத்தான்!"

"சரிங்க. ஆனா ரெண்டு பேருக்கும் கிளப் தோட்டாதானுங்க."

"எதுவா இருந்தா எனக்கென்ன?"

டைமர் கீச்சிட்டது. முதலாளியின் துப்பாக்கி 'டிக்' என்றது. அந்தத் தோட்டாவை உதறிவிட்டு மறுபடி அழுத்தினார், மறுபடியும் 'டிக்'. அதையும் உதறினார். அதற்குள் மாராத்தாள் ஆறையும் சாய்த்திருந்தாள்.

"சூனியம் வச்சியா?"

"உங்க காலித் தோட்டாவைத் தினமும் நான்தானுங்க அள்ளறேன். ஸ்பிரிங்கை இளக்குனதுல இருந்து முதுகுல ஊசி குத்துற பள்ளம் ஆழமே இல்லீங்க. உங்க சீமைத் தோட்டா தொட்டா வெடிக்கும். கிளப் தோட்டாவை நல்லாக் குத்தோணுங்க."

கிளப் செயலாளர் அணிப் பட்டியலில் மாராத்தாள் பெயரை எழுதினார். கீழே கிடந்த இரண்டு தோட்டாக்களையும் முதலாளி அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தாமே குனிந்து பொறுக்கினார்.